ஒன்றும் ஐந்தும் மட்டும் சரி

பிரான்சுக்குப் போன அப்பா ஈபிள் கோபுரத்தைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டார் என்று பாபு வகுப்பில் சொல்லி வருத்தப்பட்டானாம். உண்மைதான். அந்த நாட்டில் நான் பார்த்தது ஒரு மலைமேடு, அதன்மேல் நீளமான ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு மேசை. மேசைமேல் ஓர் அலுமினியச் சக்கரம். அந்தச் சக்கரத்தைச் செய்தவனும் நான்தான், மடியில் வைத்துக் கொண்டுபோனவனும் நான்தான். நான் படித்தது ஐ.டி.ஐ., ஃபிட்டர் வேலை. விஞ்ஞானத்தை எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் எழுத முடியும். ஆனால் அந்த ஐந்து நாளும் நான் பட்ட பாட்டை நீங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. எப்படி என்று தேன்மொழிக்கே இன்னும் தெரியாது.

முதலில் அந்தச் சக்கரம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த மலைமேட்டில் இரண்டு தொலைநோக்கிகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. இரண்டும் ஒரே நட்சத்திரத்தைப் பார்க்கும். இரண்டிலும் விழுகிற ஒளியைக் குழாய் வழியாக ஒரே மேசைக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். இரண்டு ஒளியும் மிகச் சரியாக ஒரே தூரம் நடந்து வந்திருந்தால், சேரும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளிலிருந்து நட்சத்திரத்தின் அளவைக்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் மேலே காற்று அசைகிறது, வெயிலில் குழாய் நீள்கிறது. ஓர் ஒளி கொஞ்சம் பிந்திவிடும். கொஞ்சம் என்றால் நம் தலைமுடிப் பருமனில் நூற்றில் ஒரு பங்கு. அதற்கே கோடுகள் இடம் மாறிவிடும். எவ்வளவு பிந்தியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால்தான் மேற்கொண்டு வேலை.

இதில் ஒரு சிக்கல். ஒளி அலை அலையாக வருகிறது. ஓர் அலை என்பது ஒரு சுற்று, நம் கிரிவலம் மாதிரி. தேன்மொழியைக் குபேர லிங்கத்திடம் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் சுற்றில் எங்கே இருக்கிறாள் என்று தெரிகிறது. இது முதல் சுற்றா மூன்றாவது சுற்றா என்று தெரியாது. முகம் வாடியிருப்பதை வைத்துச் சொல்லிவிடலாம் என்பான் பாபு. ஒளிக்கு முகம் வாடாதுடா.

அதனால் இரண்டு பேரை அனுப்ப வேண்டும். தேன்மொழி ஒரு சுற்றுக்கு நாலு மணி நேரம், பாபு மூன்று மணி நேரம். இரண்டு பேரும் இந்திர லிங்கத்தில் ஒன்றாகக் கிளம்புகிறீர்கள். மறுபடி அதே இடத்தில் ஒன்றாக நிற்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் எப்போது பார்த்தாலும், அவள் எங்கே, இவன் எங்கே என்று சேர்த்துப் பார்த்தால், கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். ஒருத்தரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவேன். ஒளியிலும் அப்படித்தான். சிவப்புக்கு அலை நீளம், நீலத்துக்கு அலை குட்டை. ஒரே தாமதத்தைப் பல நிறங்களில் அளந்து சேர்த்தால், எத்தனை சுற்று என்பது வெளியே வந்துவிடும்.

இது எங்கள் ஆய்வுக்கூடத்து உஷா மேடம் மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருந்த வேலை. அவருக்கு எட்டு நிறம் வேண்டும். எட்டு நிறக் கண்ணாடி பொருத்திய சக்கரம் ஒளி வரும் வழியில் சுற்றும். நிறத்துக்கு ஒரு படமாகக் காமிரா எடுக்கும். கம்ப்யூட்டர் எட்டையும் சேர்த்துத் தாமதம் இவ்வளவு என்று சொல்லும். எட்டுக் கண்ணாடிக்கும் எட்டு அறை என்றதும் எனக்கு நம் மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கம்தான் ஞாபகம் வந்தது. இந்திர லிங்கம் ஒன்று, அக்னி லிங்கம் இரண்டு, எம லிங்கம் மூன்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, மலையைச் சுற்றுகிற அதே திசையில் ஒவ்வோர் அறைக்கும் எண் குத்தினேன். ஒன்றில் சிவப்பு, எட்டில் நீலம். நல்ல வேலை என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

சென்னை விமான நிலையத்தில் சோதனை அதிகாரி சக்கரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"நெறத்த வடிகட்டுற சக்கரம்ங்க."

"எதுக்கு?"

"நட்சத்திரம் பாக்கறதுக்குங்க."

"ஜோசியமா?"

நான் பதில் சொல்வதற்குள் உஷா மேடம் முந்திக்கொண்டு, "ஆமா சார், பெரிய எடத்து ஜோசியம்" என்றார். விட்டுவிட்டார்கள். மேடம் சிரித்ததை அப்போது பார்த்ததுதான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதான்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினோம். சக்கரம் மடியில் பத்திரமாக இருந்தது. என் பெட்டி வரவில்லை. உங்கள் அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நான்கு சட்டை எல்லாம் வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டன. அழைத்துப்போக வேனோடு வந்தவர் மர்சேல், அந்தக் கொட்டகையின் மெக்கானிக். ஆறடிக்கு மேல் உயரம், தொங்குமீசை. நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்துத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குள் என்னைப்போல இன்னொருவர் குடியிருக்கலாம்.

மலைப்பாதையில் முந்நூறு ஆடுகள் குறுக்கே வந்து வேனை நிறுத்திவிட்டன. மர்சேல் ஜன்னலைத் திறந்து ஆட்டுக்காரரிடம் கத்தினார். ஆட்டுக்காரரும் கத்தினார். சண்டை முற்றுகிறது என்று பயந்து மேடத்தைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லங்க அண்ணா. உன் மருமக எப்படி இருக்குறான்னு இவரு கேக்கறாரு. ஆம்பளப் புள்ள பொறந்திருக்குதுன்னு அவரு சொல்றாரு" என்றார்.

நம் போளூர் ரோட்டில் பஸ் டிரைவர்கள் நடுரோட்டில் நிறுத்திக் குசலம் விசாரிப்பது மாதிரியே. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்த நேரம் பார்த்து மேடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணா, இந்த மேசை நமக்கு அஞ்சு நாள்தான். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லிடுவாங்க. சரின்னா நட்சத்திரம் பாக்க விடுவாங்க. இல்லன்னா அடுத்த குழுவுக்கு எடம் போயிடும். எனக்கு வேலையும் இன்னும் நெரந்தரம் ஆகல. இது போச்சுன்னா மூணு வருஷமும் போச்சு."

சோதனை எப்படி என்றால், நட்சத்திரம் கிடையாது, பகலில் கொட்டகைக்குள் ஒரு விளக்கை வைத்துத்தான். மர்சேல் ஒரு திருகைத் திருப்பி ஓர் ஒளி வரும் வழியில் உள்ள கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்துவார்; அந்த ஒளி அவ்வளவு பிந்தும். திருகில் உள்ள அளவுக்கோடுகளில் எத்தனை கோடு திருப்பினார் என்று தன் நோட்டில் எழுதி மூடிவிடுவார். எங்கள் கருவி பார்த்துச் சொல்ல வேண்டும். சாயங்காலம் நோட்டைத் திறந்து ஒப்பிடுவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாளும் தொடர்ந்து சரியாக வர வேண்டும். ஒரு நாள் சரியாக வந்து பிரயோஜனம் இல்லை.

திங்கட்கிழமை சின்னச் சின்னத் திருப்பம்தான். இரண்டு நிறம் போதும் என்று மேடம் ஒன்றையும் ஐந்தையும் மட்டும் வைத்துப் பார்த்தார். பத்துக்குப் பத்தும் சரி. மர்சேல் என் சக்கரத்தைச் சுட்டிக்காட்டி, "கையால் செய்ததா?" என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினார். அங்கே அது பாராட்டாம்.

அன்று சாப்பாட்டில் உலக்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி வைத்தார்கள். கூடவே ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. வாயருகே கொண்டுபோனதும் ஆட்டுக்கிடையில் தலையை விட்டதுபோல இருந்தது. மர்சேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினேன். சோறு இருக்கிறதா என்று கேட்டதற்கு, குளிரக் குளிர, புளிப்பாக, கறுப்புக் காயெல்லாம் போட்டு ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். நம் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் இட்லியை முள்கரண்டியால் குத்துவதைப் பார்த்து நாம் சிரிப்போமே, அதற்கெல்லாம் சேர்த்து அன்று அனுபவித்தேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு நிறமும் ஓடியது. மர்சேல் திருகைப் பெரிதாகத் திருப்பினார். சாயங்காலம் நோட்டைத் திறந்தார்கள். அவர் முப்பத்தொன்று என்றால் எங்கள் கருவி ஏழு என்றது. அவர் பன்னிரண்டு என்றால் நாற்பது என்றது. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பத்துக்குப் பத்தும் தப்பு.

மர்சேல் படங்களைப் புரட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். அதில் இந்தியா என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மேடம் தரையைப் பார்த்தார்.

"இன்னா சொல்றாருங்க மேடம்?"

"ரெண்டாவது கண்ணாடி மங்கலா இருக்குதாம். எட்டாவது ரொம்பப் பளிச்சினு இருக்குதாம். கண்ணாடியே சரியில்லன்றாரு. இந்தியாவுல எங்க வாங்குனீங்கன்னு கேக்கறாரு."

கண்ணாடி நான் வாங்கியது இல்லை. ஆனாலும் முகம் சுட்டது. சக்கரம் இருந்த பெட்டியைத் திறந்து ஒவ்வொரு திருகாகச் சோதித்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன. சக்கரம் முடி அளவுகூட ஆடவில்லை. என் வேலையில் குறை இல்லை என்று மேடத்திடம் அடித்துச் சொன்னேன். அந்த வார்த்தையை வியாழக்கிழமை நானே திரும்ப விழுங்க வேண்டிவரும் என்று அப்போது தெரியாது.

புதன்கிழமை மேடம் தன் கம்ப்யூட்டர் கணக்கையே சந்தேகப்பட்டார். வரி வரியாகப் படித்தார். பிறகு காற்றைச் சந்தேகப்பட்டு ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார். பிறகு தரையைச் சந்தேகப்பட்டு எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். அந்த வெள்ளைக்காரர்கள் காலுறையோடு பூனை மாதிரி நடந்தார்கள். சாயங்காலம் நோட்டைத் திறந்தார்கள். பத்துக்குப் பத்தும் தப்பு.

"ஒண்ணையும் அஞ்சையும் மட்டும் வச்சா ஒத்துப்போவுதுங்க அண்ணா. கூட வேற எதச் சேத்தாலும் கெட்டுப்போவுது. ஏன்னே தெரியல" என்றார் மேடம்.

"அப்ப ஒண்ணையும் அஞ்சையுமே வச்சிகினா?"

"ரெண்ட மட்டும் வச்சா பெரிய திருப்பத்துக்கு சுத்து கணக்குத் தப்பிப்போயிடும். அதுக்குத்தானே எட்டு."

அன்று அவர் தட்டில் வைத்த ரொட்டி அப்படியே இருந்தது. நான் என்ன சொல்லித் தேற்றுவது? கருவியைப் பற்றித் தெரிந்தவர் அவர். நான் திருகு முடுக்குகிறவன்.

வியாழக்கிழமை காலை என் பெட்டி வந்து சேர்ந்தது. புளிக்காய்ச்சல் பொட்டலம் உடைந்து நான்கு சட்டையிலும் வரைபடம் போட்டிருந்தது. அந்த வாசனைக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. மர்சேல் கொட்டகையில் பத்து முறை திருகைத் திருப்பினார். நோட்டை மூடி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று யாரும் அதைத் திறக்கக்கூடக் கேட்கவில்லை. நாலு மணிக்குக் கூட்டம் என்று அந்தக் குழுவின் தலைவர் சொல்லிவிட்டுப் போனார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. அவர் குரலில் கோபம் இல்லாததுதான் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கப்போவதில்லை, இன்றைக்கே முடித்துவிடுவார்கள் என்றார் மேடம்.

அன்று பௌர்ணமி. வாசலில் அம்மா மோர்க்கடை போட்டிருப்பாள் என்று நினைத்ததும் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது. மூன்றரை மணிக்கு, நடைபாதையில் இருந்த போனிலிருந்து நம் தெருமுனை பூத்துக்குக் கூப்பிட்டேன். நம் ஊரில் அப்போது சாயங்காலம் ஏழு. பூத்துக்காரர் உங்களைக் கூப்பிட்டார். மீதி உங்களுக்கே தெரியும், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

"அலோ, அப்பாவா? நான் பாபுப்பா! இங்க கூட்டம் ஜாஸ்தி. சத்தமா பேசு!"

"மோர் வித்துச்சாடா?"

"ரெண்டு கொடம் காலி. அம்மா மூணாவது கரைச்சிகினு இருக்குது. அப்பா, இன்னிக்கு ஒரு கூத்து! ஒரு வெள்ளைக்காரரு..."

"குடுடா, நான் சொல்றேன்." இது தேன்மொழி. "அப்பா, ஒரு வெள்ளைக்காரரு எதிர்ப்பக்கமா சுத்திகினு வந்தாருப்பா. கிழக்கு கோபுரத்துல இருந்து தெற்கால போவாம வடக்கால திரும்பிட்டிருக்காரு. எதிர்ல வர்ற ஜனமெல்லாம் சுத்தி முடிச்சிட்டுத் திரும்பி வர்றாங்கன்னு நெனச்சிகினாராம். எல்லாருக்கும் கும்பிடு போட்டுகினே வராரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு நாளில் முதல் சிரிப்பு.

"லாட்ஜுல ஒரு பேப்பர் குடுத்திருக்காங்கப்பா, எட்டு லிங்கத்துக்கும் நம்பர் போட்டு. அத வச்சிகினு அம்மாகிட்ட ஒரே சண்டை. பேப்பர்ல ரெண்டாவது அக்னின்னு இருக்குது, போர்டுல ஈசான்யம்னு இருக்குது. மூணாவது எமன்னு இருக்குது, போர்டுல குபேரன்னு இருக்குது. உங்க ஊர்ல போர்டெல்லாம் தப்புன்றாரு."

"அம்மா இன்னா சொன்னா?"

"மோர் வேணுமா வேணாமான்னு கேட்டுச்சு. அப்புறம் நான் இங்கிலீஷ்ல சொன்னேன், அடுத்து வர்றது வருண லிங்கம்னு. பேப்பர பாத்தாரு. அஞ்சாவது வருணன்னே இருக்குது. அவரு நடந்த கணக்குலயும் அஞ்சாவதுதான். அதுல ஒரே சந்தோஷம். ஒண்ணும் அஞ்சும் மட்டும் சரியா இருக்குது, மத்ததெல்லாம் தப்புன்னு சொல்லிகினே போனாருப்பா."

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டேன்.

"அப்பா? லைன்ல இருக்கியா?"

"இரும்மா. இன்னொரு தரம் சொல்லு. எது எது சரி?"

"ஒண்ணும் அஞ்சும்ப்பா. ஏன்?"

எப்படிப் போனை வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. தேன்மொழி கோபித்துக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மன்னித்துவிடும்மா. அந்த நேரத்தில் என் கண்முன் நீயும் இல்லை, அந்த வெள்ளைக்காரரும் இல்லை. சக்கரம்தான் இருந்தது.

நான் எண் குத்தியது விளக்கு இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்து. காமிரா இருப்பது எதிர்ப்பக்கம். அங்கிருந்து பார்த்தால் அதே சக்கரம் இடமாகச் சுற்றும். மேலே இருக்கும் ஒன்று ஒன்றாகவே இருக்கும். நேர் எதிரே கீழே இருக்கும் ஐந்து ஐந்தாகவே இருக்கும். மற்றதெல்லாம் மாறிவிடும். இரண்டு எட்டாகிவிடும், மூன்று ஏழாகிவிடும், நாலு ஆறாகிவிடும். மேடம் கொடுத்த வரைபடத்தின் மூலையில் காமிராப் பக்கத்துத் தோற்றம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. நான் நிறங்களின் வரிசையைத்தான் படித்தேன். சுற்றுகிற திசை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து சுற்றுகிறேனே.

கம்ப்யூட்டர் சிவப்புக்குப் பக்கத்து நிறம் என்று நினைத்தது உண்மையில் நீலம். தேன்மொழி நடந்ததைப் பாபு நடந்ததாக வைத்துக் கணக்குப் போட்டால் நேரம் எப்படிச் சரியாக வரும்? இரண்டாவது கண்ணாடி மங்கலாகத் தெரிந்ததும் அதனால்தான். அந்த விளக்கில் நீலம் கம்மி.

கொட்டகைக்கு ஓடினேன். ஒருவரும் இல்லை. பக்கத்து அறையில் கூட்டம் நாலு மணிக்கு முன்பே தொடங்கியிருந்தது. கதவுக்குப் பின்னால் தலைவரின் மெதுவான குரல், நடுநடுவே மேடத்தின் குரல். சக்கரப் பெட்டியின் சாவி என்னிடம். திருப்புளி என் பையில்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். பெட்டியைத் திறந்தேன். இடம் மாற்ற வேண்டியது ஆறு கண்ணாடி. இருபது நிமிஷ வேலை. மாற்றிவிட்டால் நாளைக்கு எல்லாம் சரியாக வரும், இன்னும் ஒரே ஒரு நாள் கேட்டு வாங்குங்கள் என்று மேடத்திடம் சொன்னால் போதும். தப்பு யாருடையது என்று ஒருத்தருக்கும் தெரியாது. முதல் திருகு கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

அது விழுந்ததும்தான் உறைத்தது. நாளைக்குச் சரியாக வரும். ஆனால் செவ்வாய், புதன், வியாழன் எடுத்த படமெல்லாம் தப்பு என்றே நின்றுவிடும். அவர்கள் கேட்டது நாலு நாள். திடீரென்று ஒரு நாள் தானாகச் சரியாகிவிட்ட கருவியை யார் நம்புவார்கள்? படங்களில் குற்றம் இல்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. எப்படி மாறியது என்று நான் வாயைத் திறந்து சொன்னால் மூன்று நாளும் பிழைக்கும். சொல்லாவிட்டால் நான் பிழைப்பேன், மேடத்தின் மூன்று வருஷம் போகும்.

திருகை மறுபடி மாட்டினேன். கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

ஆறு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் மர்சேலின் ஸ்வெட்டருக்குள், புளி வாசனையோடு நின்றேன்.

"அண்ணா, இப்ப வேணாம். வெளிய இருங்க" என்றார் மேடம். கண் சிவந்திருந்தது.

"மேடம், தப்பு என்மேலங்க."

மேசையில், புரொஜெக்டரில் வைத்துக் காட்டுகிற கண்ணாடித் தாள் ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஒரு வட்டம் போட்டேன். எட்டுப் புள்ளி வைத்து, மேலே ஒன்றில் தொடங்கி எட்டுவரை எண் எழுதினேன். "இது நான் பாத்த பக்கம்" என்றேன். தாளைப் புரட்டினேன். "இது காமிரா பாக்கற பக்கம்."

ஒன்று அசையவில்லை. ஐந்து அசையவில்லை. மற்ற ஆறும் இடம் மாறி உட்கார்ந்தன.

மர்சேல்தான் முதலில் எழுந்தார். தாளை என் கையிலிருந்து பிடுங்கினார். புரட்டினார். மறுபடி புரட்டினார். நெற்றியில் அறைந்துகொண்டு ஏதோ சொன்னார்.

"ரெண்டாவது கண்ணாடி மங்கல் இல்ல, அதுதான் எட்டாவதுன்றாரு" என்றார் மேடம். குரல் அவருடையதாகவே இல்லை.

தலைவர் என்னைப் பார்த்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். மேடம் சொன்னார்: "சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு, சொல்லாமலே நீங்க மாத்தியிருக்கலாமேன்னு கேக்கறாரு."

"ஒரு திருகு கழட்டிட்டேன்னு சொல்லுங்க மேடம். அப்புறம் மாட்டிட்டேன்."

அதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று மேடம் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சொன்னார். தலைவர் தலையை ஆட்டினார். நாளைக் காலை ஒன்பது மணி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்ததும் மேடம் என்னைத் தட்டிக்கொடுப்பார் என்று நினைக்காதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணு நாளுங்க அண்ணா. என் வேலையில கொற இல்லன்னு சொன்னீங்க. மூணு நாளா நான் என்னையே சந்தேகப்பட்டுகினு கெடந்தேன்."

அவர் கம்ப்யூட்டரில் நிறப் பட்டியலை மாற்றி எழுதப் போனார். பழைய படங்களையெல்லாம் அது முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். நான் புளிச்சட்டைகளைத் துவைத்தேன். அன்று நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள், செருப்பில்லாமல், பழக்கதோஷம். மர்சேல் மேல்சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். வியாழக்கிழமைப் பக்கம் இன்னும் திறக்காதது. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்றார் தலைவர்.

மேடம் திரையைப் பார்த்துப் படித்தார். மர்சேல் நோட்டைப் பார்த்துப் படித்தார். அந்த ஐந்து நாளில் அவர்கள் ஊர் எண்கள் கொஞ்சம் எனக்குப் பழகியிருந்தன. மேடம் இருபத்துநாலு. மர்சேல் இருபத்துநாலு. மேடம் ஒன்பது. மர்சேல் ஒன்பது. மேடம் நாற்பத்தாறு என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மர்சேல் நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனார், தூர வைத்தார், மூக்குக்கண்ணாடியைத் தேடினார். எனக்கு உயிர் போய் வந்தது.

நாற்பத்தாறு.

வியாழன் பத்தும் சரி. புதன் பத்தும் சரி. செவ்வாய்க்கிழமையில் ஒன்று மட்டும் விலகி நின்றது. அந்த நேரத்தில் யாரோ கதவை அறைந்து சாத்தியதாக மேடத்தின் குறிப்பில் இருந்தது. எல்லோரும் மர்சேலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். அப்போதுதான் மேடம் சிரித்தார்.

தலைவர் கையை நீட்டினார், முதலில் மேடத்திடம், பிறகு என்னிடம். நட்சத்திரம் பார்க்க அடுத்த பருவத்தில் இடம் உண்டு என்றார். மேடம் கொட்டகையின் குறிப்பேட்டில் நடந்ததை எழுதினார். எண் குத்தியது ஏழுமலை, எதிர்ப்பக்கத்திலிருந்து. கண்டுபிடித்துச் சொன்னதும் ஏழுமலை. என் பெயரை விட்டுவிடுங்களேன் என்றேன். "ரெண்டும் நீங்கதானே அண்ணா, எப்படி விடறது?" என்றார். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அன்று மதியம் என் பருப்புப் பொடியை ரொட்டியில் தடவி இரண்டு துண்டு தின்றார். மர்சேல் நாலு துண்டு தின்றுவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார்.

திரும்பி வந்தவர் கூர்மையான ஊசியைக் கொடுத்து, சக்கரத்தில் எது விளக்குப் பக்கம் என்று அடையாளம் போடச் சொன்னார். நான் ஒரு விளக்கு வரைந்தேன். அவர் பல்பை எதிர்பார்த்தார் போலிருக்கிறது. என் அகல் விளக்கைப் பார்த்து, இது என்ன வெங்காயமா என்று கேட்டார்.

மூன்றரை மணிக்கு மறுபடி பூத்துக்குப் போன் செய்தேன். கோபத்தோடுதான் தேன்மொழி எடுத்தாள்.

"நேத்து ஏம்பா பாதியில வச்சிட்ட? அம்மா பயந்துபோயிடுச்சு."

"தப்புதாம்மா. அத விடு. அந்த வெள்ளைக்காரரு இன்னா ஆனாரு?"

"அவரா? இன்னிக்கு மறுபடி சுத்துனாருப்பா! நம்ம எல்லாரையும்போல சரியான பக்கமா. நம்ம வாசல்ல நின்னு பேப்பரக் காட்டி அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டாரு. உங்க ஊரு போர்டுல தப்பில்லம்மான்னு."

"அம்மா இன்னா சொன்னா?"

"மோர் குடுத்துச்சு. அப்பா, எட்டும் சரியா இருக்குதாம்பா."

எனக்குப் பின்னால் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே என் சக்கரம் ஒவ்வோர் அறையாக நின்று நின்று சுற்றுவது தெரிந்தது.

"இங்கயும்மா" என்றேன்.